சுவிட்ச் விரல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி முதல் மேட்டிலேயே விழுந்தேன். எழுந்து ஓட்டி, அதே மேட்டில் மறுபடி விழுந்தேன். பதினோரு மணிக்கு உட்கார்ந்தவன், பன்னிரண்டே கால் வரை ஒரு முழுச் சுற்றுகூட முடிக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான், பயப்பட வேண்டாம். ஒன்பது வருடம் கழித்து மோட்டோகிராஸ், அதாவது மண்தடத்தில் மேடு தாவி ஓட்டும் பைக் பந்தயம், அதன் சிமுலேஷன் பக்கம் திரும்பியிருக்கிறேன். கேமின் பெயர் எம்எக்ஸ் பைக்ஸ்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான் தினமும் கோவை கணபதியில் இருக்கும் என் மோட்டார் வைண்டிங் கடைக்கு ஓட்டிப்போகும் ஸ்ப்ளெண்டர் 112 கிலோ எடை, 8 குதிரைத்திறன். மோட்டோகிராஸில் ஓடும் 450 சிசி வண்டியும் ஏறத்தாழ அதே எடைதான். குதிரைத்திறன் மட்டும் 50-க்கு மேல். அதை மண்ணில், மேடு பள்ளத்தில், பக்கத்தில் 39 பேர் இடித்துக்கொண்டு வர ஓட்ட வேண்டும். சிமுலேஷன் என்று பெயர் வைத்துக்கொண்ட கேம், அந்த 50 குதிரையையும் கட்டவிழ்த்து நம் விரலிடம் கொடுத்துவிடுகிறது.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது 2001-இல், காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு 25 ரூபாய். எல்லோரும் ரோட் ராஷ் என்ற பைக் கேமில் ஆளைச் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தபோது, மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மோட்டோகிராஸ் மேட்னஸ் 2 இருந்தது. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்து ரெயின்போ ஸ்டூடியோஸ் செய்து, 2000-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பந்தயமெல்லாம் யார் ஓட்டினார்கள்? வரைபடத்தின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு மலை நிற்கும். அதில் எப்படியாவது ஏறி உச்சியைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத கவண் ஒன்று நம்மை வண்டியோடு தூக்கி மைதானத்தின் நடுவில் எறியும். அந்த ஒரு எறிதலுக்காகவே ஐம்பது ரூபாய் செலவழித்த நாட்கள் உண்டு. அந்தக் கேமில் ஆக்சிலேட்டரை விட வேண்டிய அவசியமே வராது.

அப்புறம் 2011-இல் சொந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது எம்எக்ஸ் சிமுலேட்டர் என்ற கேம். பார்க்க அழகே இருக்காது, ஆனால் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஓட்டுகிற ஆட்களே தடம் செய்து பகிர்ந்துகொள்வார்கள். மவுஸை அசைத்தால் வண்டி சாயும், இடது பட்டனை அழுத்தினால் ஆக்சிலேட்டர் என்று வைத்து ஐந்து வருடம் ஓட்டினேன். 2016-இல் மகள் பிறந்தாள். தூக்கம் போனது, கேமும் போனது. அந்த வருடம் 450 சிசி பிரிவில் சூப்பர்கிராஸ், அதாவது ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ், அதன் சாம்பியன் ரையன் டஞ்ஜி. இப்போது எட்டிப் பார்த்தால் அவர் 2017-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஜெட் லாரன்ஸ் என்று ஓர் ஆஸ்திரேலியப் பையன், 450-இல் தன் முதல் மோட்டோகிராஸ் சீசனிலேயே, 2023-இல், 11 போட்டி நாளிலும் நாளுக்கு இரண்டு பந்தயமாக 22-க்கு 22 ஜெயித்து முடித்திருக்கிறான். ஒரு தலைமுறையே மாறிவிட்டது.

சரி, ஏன் விழுந்தேன் என்பதற்கு வருகிறேன். கை மறந்துவிட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மறந்திருந்தால் தேவலை. கை எதையும் மறக்கவில்லை, பழையதை அப்படியே வைத்திருந்தது. மவுஸ் பட்டனுக்கு இரண்டே நிலைதான்: அழுத்தினால் முழு ஆக்சிலேட்டர், விட்டால் ஒன்றுமில்லை. ஐந்து வருடம் அப்படிப் பழகிய விரல் ஒரு சுவிட்ச். இப்போது கையில் இருக்கும் கண்ட்ரோலரின் விசை ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, கால் பங்கு, அரைப் பங்கு என்று கொடுக்கலாம். என் விரலுக்கு அரைப் பங்கு என்றால் என்னவென்றே தெரியவில்லை. மேட்டில் ஏறும்போது முழுக்க அழுத்துவேன். வண்டி காற்றில் போன பிறகும் அழுத்தியபடியே இருப்பேன். முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். பின்பக்கமாக மல்லாந்து விழுவேன்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், காரணம் என் தொழிலிலேயே இருக்கிறது என்பது. தரையில் போல்ட் போட்டு இறுக்காத மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ரோட்டர் ஒரு பக்கம் சுற்ற, மோட்டாரின் உடம்பு எதிர்ப்பக்கம் துள்ளும். கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது அந்தத் துள்ளலில் கையை இடித்துக்கொள்வார்கள். காற்றில் இருக்கும் பைக்கும் போல்ட் போடாத மோட்டார்தான். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் முன்னோக்கி வேகமாகச் சுற்றும், வண்டியின் உடம்பு அதற்கு எதிராகத் திரும்பி மூக்கைத் தூக்கும். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நிற்கும், அந்தச் சுழற்சி வண்டிக்கு வந்து மூக்கு இறங்கும். நிஜ ஓட்டுநர்கள் இரண்டையும் வைத்துத்தான் காற்றில் வண்டியை நேராக்குகிறார்கள். கேமும் அதை ஒழுங்காகக் கணக்குப் போடுகிறது. பத்தொன்பது வருடமாக மோட்டார் கட்டுகிறவனுக்கு இது உறைக்க ஒரு வாரம் ஆனது.

நடுவில் இன்னொரு கூத்து. நேர்ப்பாதையிலும் வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. என் தப்புதான் என்று நான்கு நாள் வலது பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டினேன். ஒரு நாள் கண்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் யாரும் தொடாமலே திரையில் ஆள் இடது பக்கம் சாய்ந்து நின்றான். கழற்றிப் பார்த்தேன். வண்டியைச் சாய்க்கக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்குக்கு உள்ளே இருப்பது பழைய ரேடியோ வால்யூமில் இருக்கும் அதே கரித்தடம்தான், தேய்ந்து போயிருந்தது. தேய்ந்த வால்யூமைத் திருப்பினால் ரேடியோ கரகரக்கும், தேய்ந்த ஸ்டிக்கில் வண்டி சாயும், அவ்வளவுதான். காந்தத்தை வைத்து வேலை செய்யும் ஸ்டிக் தனியாகக் கிடைக்கிறது. அதில் ஒன்றோடொன்று உரசும் கரித்தடமே கிடையாது. கடையில் சால்டரிங் அயர்ன் சும்மா இருந்த ஒரு மத்தியானம் மாற்றிவிட்டேன். காந்தம் என்றதும் எனக்குத் தனி மரியாதை வேறு.

அதற்குப் பிறகும் காற்றில் விழுவது நிற்கவில்லை. காரணம் புரிந்துவிட்டது, ஆனாலும் விரல் கேட்கவில்லை. இதைத் தீர்த்து வைத்தது மகள். ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னால் நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள்.

"அப்பா, மறுபடியும் விழுந்துட்டீங்களா?"

"ஆமா சாமி."

"ஏம்ப்பா சத்தமே வரல? சத்தமில்லாம எப்படி ஓட்டறீங்க?"

ராத்திரியில் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களே என்று முதல் நாளே ஸ்பீக்கரை அணைத்திருந்தேன். பகலிலும் அப்படியே விட்டுவிட்டேன். நாள் முழுக்க மோட்டாரைக் காதால் பார்க்கிறவன் நான். பேரிங் போயிருக்கிறதா, லோடு கூடுதலா, ஒரு ஃபேஸ் வரவில்லையா, எல்லாம் வாசலில் நிற்கும்போதே சத்தத்தில் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் 50 குதிரைத்திறன் வண்டியை மூன்று வாரமாகச் செவிடாக ஓட்டியிருக்கிறேன்!

ஹெட்ஃபோன் மாட்டிய முதல் மேட்டிலேயே தெரிந்துவிட்டது. சக்கரம் தரையை விட்டதும் எஞ்சின் சட்டென்று வீறிடுகிறது. லோடு இல்லாத மோட்டார் வீறிடுமே, அந்தச் சத்தமேதான். அதைக் கேட்டவுடன் விரல் தானாகத் தளர்ந்தது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடையில் லோடு விட்டுப்போன சத்தம் கேட்டால் கை எப்படிச் சுவிட்சுக்குப் போகுமோ, அதே அனிச்சைதான். அன்று மத்தியானத்துக்குள் மூன்று சுற்று விழாமல் ஓட்டினேன். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 2 நிமிடம் 31 விநாடியில் இருந்து 2 நிமிடம் 14-க்கு வந்தது.

இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி ஆன்லைனில் ஓட்டுகிறேன். நான் போகும் சர்வர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில், எனக்கு 180 மில்லிசெகண்டு தாமதம் காட்டும். பரவாயில்லை, நான் யாருக்கும் பக்கத்தில் இருப்பதில்லை. ஆன்லைனில் எனக்குப் பிடித்ததே மண்தான். ஓட்டத்தின் ஆரம்பத்தில் வழுவழுவென்று இருக்கும் வளைவில், ஆட்கள் போகப் போகக் குழி விழுந்து வண்டித்தடம் உண்டாகும். பத்து நிமிடத்தில் அது முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். அப்புறம் நீங்கள் விரும்பும் கோட்டில் போக முடியாது. முன்னால் போனவர்கள் தோண்டிய தடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் முன்சக்கரத்தை இறக்கி, சாய்ந்து, கையைக் காலை ஆட்டாமல் இருக்க வேண்டும். எம்எக்ஸ் சிமுலேட்டரிலும் மண் குழியும், ஆனால் அப்போது என் கவனமெல்லாம் மேட்டில்தான். வளைவில் பொறுமையாக இருக்கத் தெரியாத வயது.

வீட்டு அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனை. "ஏனுங்க, பதினொன்றரைக்கு மேல நாற்காலி சத்தம் கேக்கக் கூடாது." வளைவில் வண்டியோடு நானும் சாய்கிறேன் போல, நாற்காலி கிறீச்சிடுகிறது. அதற்கும் எண்ணெய் விட்டாகிவிட்டது.

நேற்று 19 பேரில் 17-ஆவதாக வந்தேன். 18-ஆவது ஆளின் இணைப்பு பாதியில் அறுந்துபோனது, அதையும் சொல்லிவிட வேண்டும். வூப்ஸ் என்று தொடர்ச்சியாகச் சின்னச் சின்ன மண்மேடுகள் வருமே, அதன் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்க வேண்டும் என்கிறார்கள். நான் இன்னும் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, நலம் விசாரித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.