12 இலக்கத்தில் ஒன்று

என் பசுவின் கழுத்தில் புளியங்கொட்டை அளவில் நான்கு கட்டிகளைப் பார்த்தபோது ஏதோ பூச்சிக்கடி என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் உடம்பு முழுக்க வந்துவிட்டது. காய்ச்சல் கொதித்தது, முன்னங்கால் வீங்கிப் படுத்தால் எழ முடியவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் இதை அம்மை என்போம். மிருகாஸ்பத்திரிச் சீட்டில் மலையாளத்தில் 'சர்மமுழ', அதாவது தோல் கட்டி நோய், என்று எழுதினார்கள். வைரஸ் நோய் என்பதால் நேரடி மருந்து கிடையாது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் ஊசி.

10 வெற்றிலை, 10 கிராம் மிளகு, 10 கிராம் உப்பு, கொஞ்சம் வெல்லம், எல்லாம் அரைத்து முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நாக்கில் தடவினோம். தீவனத்தைத் தொடாதவள் வெல்லத்துக்காக அதை நக்கினாள். பதினோராம் நாள் விடியும் முன் போய்விட்டாள். பக்கத்தில் கட்டியிருந்த செவலைக்கு இந்த நோய்க்கும் போடுகிற ஆட்டம்மைத் தடுப்பூசி முன்பே போட்டிருந்தது. அதற்கு நாலைந்து கட்டியோடு நின்றுவிட்டது. இவளுக்கு அந்த ஊசி போட்ட அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததால், நோய் கண்ட மாட்டுக்குப் போடக்கூடாது என்று தள்ளிவைத்தார்கள். அப்புறம் போடுவதற்கு நானும் அலையவில்லை. அது என் தப்பு.

பிரேதப் பரிசோதனை, ஆழக் குழி, சுண்ணாம்பு எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. காதிலிருந்த மஞ்சள் அடையாள எண் வில்லையை மறக்காமல் வெட்டி வைத்தேன். வில்லை இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் கிடையாது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குத் தெரியாதது வேறு. பாலக்காட்டில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் வில்லையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற மாடு" என்றார். வில்லையில் 12 இலக்கம். சிகிச்சைச் சீட்டில் எட்டாவது இடத்தில் 0 இருக்க வேண்டியது 6 ஆகியிருந்தது. எழுதியவரின் பேனா கொஞ்சம் சுழித்துவிட்டது, அவ்வளவுதான். "சார், மாடு ஒண்ணுதான், செத்ததும் ஒண்ணுதான்" என்றேன். "நாளெ வரூ" என்றார். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். அந்த இரண்டு வார்த்தை மட்டும் யார் சொன்னாலும் புரிவதில்லை.

திருத்தி வாங்கப் போனால் டாக்டர் லீவு. மறுபடி போனேன், அவர் முகாமுக்குப் போயிருந்தார். மூன்றாம் தடவை ஒரு நிமிடத்தில் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். முத்திரை இல்லாமல் அடித்தல் இருந்தால் அதற்கும் ஒரு நடை போயிருப்பேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

அதையும் கவுண்டர்காரர் சந்தேகமாகத்தான் பார்த்தார். என்னைக் காப்பாற்றியது என் மகளின் போன். பாலிசி எடுத்த அன்று, காதைப் பிடித்து அவள் எடுத்த போட்டோவில் எட்டாவது இலக்கம் பளிச்சென்று 0. பெரிதாக்கிக் காட்டினேன். மனிதர் ஒன்றும் பேசாமல் வில்லையை வாங்கிக் கவரில் போட்டு ஒட்டினார். பணம் இன்னும் வரவில்லை, ரசீது வந்திருக்கிறது.

நேற்று செவலையின் புண்ணுக்குச் சீட்டு எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணாக நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் மடித்துப் பையில் வைத்தேன். கம்பவுண்டர் சிரித்தார். சிரிக்கட்டும்.