ஈட்டா அக்குவிலே: இணையத்தில் வானியல் கற்க ஒரே ஒரு விண்மீன் போதும்

வானியல் கற்க எந்தத் தளம் நல்லது என்று கேட்டால் பத்து இருபது பெயர்கள் கொண்ட பட்டியல்தான் பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை புக்மார்க் செய்து வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். தளங்களில் குறை ஒன்றும் இல்லை. கையில் ஒரு கேள்வி இல்லாமல் அவற்றுக்குள் போவதால்தான் எதுவும் மனதில் தங்குவதில்லை. அதனால் இங்கே பட்டியல் தரப்போவதில்லை. ஒரே ஒரு விண்மீனை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற கேள்வியோடு நான்கைந்து இலவசத் தளங்கள் வழியாக எப்படிப் போவது என்று சொல்கிறேன். தேவையானவை வெறுங்கண், முடிந்தால் ஒரு பைனாகுலர், இணைய இணைப்பு. பள்ளிக்கூடத்தில் படித்த மடக்கையும் கொஞ்சம் நினைவிருக்க வேண்டும்.

அந்த விண்மீன் கழுகு மண்டலத்தில் உள்ள ஈட்டா அக்குவிலே. அது செஃபீட் வகை மாறொளிர் விண்மீன். 7.177 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. அதற்கேற்ப ஒளித்தரம் 3.5-க்கும் 4.3-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். ஒளித்தரம் ஒன்று கூடினால் வெளிச்சம் 2.512 மடங்கு குறையும் என்ற இந்தக் கணக்கை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். 1861-இல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்து, தம் இறுதிக்காலம் வரை அங்கேயே பணியாற்றியவர்.

ஈட்டாவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அது ஏறக்குறைய வான நடுக்கோட்டின் மேலேயே, வடக்கே 1 பாகையில் இருக்கிறது. சென்னையில் அது உச்சம் தொடும்போது அடிவானிலிருந்து 78 பாகை உயரம், யாழ்ப்பாணத்தில் 81, கன்னியாகுமரியில் 83. அவ்வளவு உயரத்தில் காற்றின் மங்கல் மிகக் குறைவு.

முதலில் ஸ்டெல்லேரியம், வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள். கணினியில் நிறுவும் பதிப்பு இலவசம். பிரௌசரில் ஓடும் பதிப்பும் உண்டு என்றாலும் இந்த வேலைக்குக் கணினிப் பதிப்பே நல்லது. நிறுவியவுடன் எஃப்6 அழுத்தி ஊரைச் சரிபாருங்கள். இணைய முகவரியை வைத்து அது ஊகிக்கும் ஊர் பல நேரம் தவறாக இருக்கும். இடம் தவறினால் வானமே தவறு. நேர மண்டலத்தையும் அதே பெட்டியில் பாருங்கள். பிறகு எஃப்3 அழுத்தித் தேடலில் விண்மீனின் பெயரைக் கொடுங்கள். எஃப்5 அழுத்தினால் தேதியையும் நேரத்தையும் மாற்றலாம். சமக்குறி விசை ஒரு நாள் முன்னே தள்ளும், கழித்தல் விசை ஒரு நாள் பின்னே இழுக்கும். இரவு 8 மணி என்று வைத்துக்கொண்டு நாள்களைத் தள்ளிப் பார்த்தால், ஈட்டா எந்த மாதத்தில் எங்கே நிற்கும் என்பது சில நிமிடங்களில் புரிந்துவிடும். செப்டம்பர் பிற்பாதியில் அந்த நேரத்தில் அது ஏறக்குறைய தலைக்கு மேல் வந்து நிற்கும்.

வானத்தில் கண்டுபிடிப்பது எளிது. திருவோணத்தின் மூன்று மீன்கள் ஒரே வரிசையில் இருக்கும். நடுவில் பளிச்சென்று ஆல்டேர், இருபுறமும் மங்கலான இரண்டு. அந்த இரண்டில் தெற்கே இருக்கும் மங்கலானதுதான் பீட்டா, ஒளித்தரம் 3.7. அங்கிருந்து ஐந்தரைப் பாகை தெற்கே இறங்கினால் ஈட்டா. சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி: மேற்கே டெல்டா, கிழக்கே தீட்டா என்று இரண்டு மீன்கள் இருக்கின்றன. இரண்டையும் கோட்டால் இணைத்தால் ஈட்டா ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே, நடுவிலிருந்து சற்றுக் கிழக்கே இருக்கும். வெளியே மடிக்கணினியை எடுத்துப்போனால் கண்ட்ரோலோடு ஆங்கில எழுத்து என் (N) விசையை அழுத்தித் திரையைச் சிவப்பாக்குங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளைத் திரையைப் பார்த்தாலும் அது வீணாகிவிடும்.

ஸ்டெல்லேரியம் காட்டும் ஒளித்தரம் அட்டவணையிலிருந்து எடுத்தது. இன்றிரவு ஈட்டா எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அடுத்த தளம், ஏ.ஏ.வி.எஸ்.ஓ. எனப்படும் அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம். 1911-இல் தொடங்கியது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அனுப்பும் அளவீடுகளைச் சேர்த்து வைத்து யாருக்கும் திறந்து தருகிறது. கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. அளவீடு அனுப்ப உறுப்பினராக வேண்டிய அவசியமும் இல்லை. பதிந்தால் உங்களுக்கென்று ஒரு நோக்கர் குறியீடு கிடைக்கும்.

அங்கே முதலில் விண்மீன் வரைபடம் எடுக்க வேண்டும். பெயர்ப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஈட்டா என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கழுகு மண்டலத்தின் சுருக்கமான ஏ, க்யூ, எல் எழுத்துகளைக் கொடுங்கள். அளவுகோலில் ஏ என்பதைத் தேர்ந்தெடுத்தால் 15 பாகை அகலமுள்ள படம் வரும். மற்றவை இதைவிடக் குறுகிய பரப்பைக் காட்டுபவை, வெறுங்கண்ணுக்குப் பயன்படாது. பலர் தடுமாறுவது இங்கே திசையில்தான். தொலைநோக்கியில் தலைகீழாகத் தெரிவதற்கு ஏற்ற படமும் அதே பக்கத்தில் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கும் பைனாகுலருக்கும் வடக்கு மேலே, கிழக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். நிலவரைபடத்தில் கிழக்கு வலப்பக்கம் இருந்து பழகியவர்களுக்கு இது தவறாகத் தோன்றும். படத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து அண்ணாந்து பாருங்கள், திசை சரியாக இருக்கும்.

படத்தில் சில மீன்களின் பக்கத்தில் 37, 44 போன்ற எண்கள் இருக்கும். அவை 3.7, 4.4 என்ற ஒளித்தரங்கள். தசமப் புள்ளி இருந்தால் அதையே ஒரு விண்மீன் என்று நினைத்துவிடக்கூடும் என்பதால் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அளவீடு. ஈட்டாவைவிடச் சற்று வெளிச்சமான ஒரு மீனையும் சற்று மங்கலான ஒரு மீனையும் எடுங்கள். பீட்டா 3.7, அயோட்டா 4.4 என்று வைத்துக்கொள்வோம். ஈட்டா இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது? பீட்டாவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் என்று தோன்றினால், இடைவெளி 0.7-இல் மூன்றில் ஒன்று ஏறக்குறைய 0.2; ஆக ஒளித்தரம் 3.9. உச்ச வெளிச்சத்தில் ஈட்டா பீட்டாவையே மிஞ்சிவிடும். அப்போது 3.4 ஒளித்தரமுள்ள டெல்டாவைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய கண்ணுக்கு 0.1 வரை துல்லியம் வரும். நகர வெளிச்சத்தில் 4.3 கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெருக்கும், 50 மில்லிமீட்டர் வாயுள்ள பைனாகுலர் அப்போது கைகொடுக்கும். அதன் பார்வை வட்டம் வழக்கமாக ஆறரைப் பாகை இருக்கும் என்பதால் பீட்டாவும் ஈட்டாவும் ஒரே பார்வையில் அடங்கும்.

நேற்று எழுதிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நேற்று 3.8 என்று தெரிந்தால் இன்று கண் தானாகவே 3.9-ஐத் தேடும். குறிப்பேட்டில் ஒவ்வொரு இரவையும் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது.

நேரத்தை ஜூலியன் நாளாக மாற்ற வேண்டும். இது மாதம், ஆண்டு என்ற தொல்லை இல்லாமல் நாள்களை ஒரே தொடராக எண்ணும் முறை. உலக நேரப்படி நண்பகலில் புது எண் பிறக்கிறது, அதாவது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 5:30-க்கு. இது நமக்கு வசதி. ஓர் இரவு முழுக்க எடுத்த அளவீடுகளுக்கு ஒரே முழு எண்தான் வரும். சிங்கப்பூர், மலேசியாவில் அது இரவு 8 மணிக்கு மாறும் என்பதால் அங்கே கவனம் தேவை. எடுத்துக்காட்டாக 2025 செப்டம்பர் 10 இரவு 8:30 என்பது உலக நேரப்படி பிற்பகல் 3 மணி, ஜூலியன் நாள் 2460929.125. உள்ளூர் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்க மறப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. வரைபடத்தில் அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு வலப்பக்கம் தள்ளி நிற்கும்.

அனுப்பும் படிவத்தில் விண்மீன் பெயர், நேரம், ஒளித்தரம், ஒப்பிட்ட இரு மீன்களின் எண்கள், வரைபடத்தின் மூலையில் அச்சாகியிருக்கும் குறியீடு ஆகியவற்றைத் தர வேண்டும். நிலவொளியோ தெருவிளக்கோ தொந்தரவு செய்திருந்தால் பி, மேகமோ தூசியோ இருந்தால் யூ, மதிப்பீட்டில் சந்தேகம் இருந்தால் இசட் என்று குறிப்பெழுத்து போடலாம். தயங்காமல் போடுங்கள். சந்தேகம் உள்ள அளவீட்டைச் சந்தேகத்தோடு பதிவதுதான் நேர்மையான வானியல்.

எத்தனை நாள் பார்க்க வேண்டும்? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பவருக்கு ஈட்டா மாறவே மாறாது. 7 நாள் என்பது அதன் சுற்றில் 97.5 சதவீதம். ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய அதே நிலையில்தான் அதைப் பிடிக்கிறீர்கள். ஒரு முழுச் சுற்றைக் காண அப்படி 40 வாரம் ஆகும். ஆகவே அடுத்தடுத்த இரவுகளில் பார்க்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை மழையும் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழையும் குறுக்கிடும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகாலை 4 மணிக்கு எழ முடிந்தால், அப்போதும் ஈட்டா நல்ல உயரத்தில் இருக்கும்.

இடைவெளி விழுந்தாலும் கணக்கு கைகொடுக்கும். கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு ஜூலியன் நாளிலிருந்தும் ஏதேனும் ஒரு தொடக்க நாளைக் கழித்து, 7.177-ஆல் வகுத்து, விடையின் தசமப் பகுதியை மட்டும் எடுங்கள். அதுதான் சுற்றின் நிலை, 0-க்கும் 1-க்கும் இடையே. அதைக் கிடைக்கோட்டிலும் ஒளித்தரத்தைத் தலைகீழாகச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்தால், வெவ்வேறு வாரங்களில் எடுத்த புள்ளிகள் ஒரே வளைவில் வந்து அமரும். ஏற்றம் வேகமாகவும் இறக்கம் மெதுவாகவும் இருக்கும். புள்ளிகள் சிதறினால் நேர மண்டலத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. தளத்தின் ஒளிவளைவுப் பக்கத்தில் மற்றவர்களின் அளவீடுகளையும் வரைந்து ஒப்பிடலாம். ஆனால் உங்கள் பத்துப் புள்ளிகளாவது சேர்ந்த பிறகு பாருங்கள்.

அதே சங்கத்தின் மாறொளிர் விண்மீன் அட்டவணையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆர் ரெட்டிகுலை என்ற பெயர் அங்கே இருக்கும். 1867-இல் மதராஸ் வானாய்வகத்திலிருந்து அது மாறொளிர் விண்மீன் என்று கண்டறிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

இனி தொலைவு. செஃபீட்களின் துடிப்பு நேரம் நீண்டால் அவற்றின் உண்மையான வெளிச்சமும் கூடுகிறது என்று 1912-இல் ஹென்ரியேட்டா லீவிட் காட்டினார். 2007-இல் ஹபிள் தொலைநோக்கி பத்து செஃபீட்களின் தொலைவை அளந்ததிலிருந்து கிடைத்த கணக்கு இது: துடிப்பு நேரத்தின் மடக்கையிலிருந்து 1 கழித்து, −2.43-ஆல் பெருக்கி, −4.05 கூட்ட வேண்டும். 7.177-இன் மடக்கை 0.856. ஒன்று கழித்தால் −0.144. பெருக்கினால் 0.35. கூட்டினால் −3.70. இது 10 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவில் வைத்தால் ஈட்டா காட்டும் ஒளித்தரம். நாம் பார்க்கும் சராசரி 3.90. வித்தியாசம் 7.60. அதோடு 5 கூட்டி 5-ஆல் வகுத்தால் 2.52. பத்தின் அடுக்காக 2.52-ஐ வைத்தால் ஏறக்குறைய 330 பார்செக்.

இப்போது சிம்பாட் தளத்துக்குப் போங்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்து நடத்தப்படும் விண்பொருள் தரவுத்தளம் அது. ஈட்டாவின் பக்கத்தில் இடமாறு கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் சற்று இடம் மாறித் தெரியும் கோணம், ஆர்க்செகண்டின் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் இருக்கும். 1000-ஐ அதனால் வகுத்தால் பார்செக். கிடைப்பது சுமார் 270. நம் விடை ஏன் 60 அதிகம்? நமக்கும் ஈட்டாவுக்கும் நடுவே இருக்கும் தூசிதான் காரணம். அது விண்மீனை 0.4 முதல் 0.5 ஒளித்தரம் வரை மங்கலாக்கிக் காட்டுகிறது. 7.60-இலிருந்து 0.45 கழித்து மீண்டும் கணக்கிட்டால் 269 பார்செக், சுமார் 880 ஒளியாண்டு. இந்தத் தூசித் திருத்தம் பாடநூல்களில் ஒரு வரியில் கடந்துபோவது. சொந்தக் கணக்கு 60 பார்செக் பிசகும்போதுதான் அதன் கனம் உறைக்கிறது.

சிம்பாட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஈட்டாவைக் குறிப்பிட்ட ஆய்வுக்கட்டுரைகளின் பட்டியலும் இருக்கிறது. அங்கிருந்து ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித் தரும் நாசாவின் ஏ.டி.எஸ். தளத்துக்குப் போய் சுருக்கத்தைப் படிக்கலாம். கட்டுரைகளை இலவசமாகத் திறந்து தரும் ஆர்க்சிவ் தளத்தில் பதிப்பு இருந்தால் முழுக் கட்டுரையும் இலவசம். முதலில் சுருக்கம், பிறகு படங்கள், கடைசியில் முடிவுரை என்று படியுங்கள். சமன்பாடுகளை விட்டுவிட்டாலும் பாதிக்கு மேல் புரியும், ஏனென்றால் படத்தில் இருப்பது நீங்களே வரைந்த வளைவுதான். அடிப்படைக் கருத்து ஏதேனும் தடுக்கினால் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தின் இலவச வானியல் பாடநூலில் அந்த அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்புங்கள்.

கழுகு மண்டலம் மேற்கில் மறைந்த பிறகு ஜனவரி முதல் ஏப்ரல் வரை மிதுனத்தில் இருக்கும் ஜீட்டா ஜெமினோரத்தை எடுக்கலாம். துடிப்பு நேரம் 10.15 நாள், ஒளித்தரம் 3.6-க்கும் 4.2-க்கும் இடையே. மழை ஓய்ந்த மாதங்கள் என்பதால் தொடர்ந்து பல இரவுகள் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடத்தில் வசிப்பவர்களுக்குக் கரீனா மண்டலத்தின் எல் கரீனே இருக்கிறது. துடிப்பு நேரம் முப்பத்தைந்தரை நாள். ஐரோப்பாவிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. தேடும்போது சிறிய எழுத்து எல் போடுங்கள், பெரிய எழுத்து ஐ போலத் தெரிவதால் குழப்பம் வரும். சென்னையில் அது 14 பாகைக்கு மேல் எழாது. அந்த உயரத்தில் காற்று ஒரு ஒளித்தரம் வரை விழுங்கிவிடும் என்பதால், ஒப்பிடும் மீன்களையும் அதே உயரத்தில் இருப்பவையாகவே தேர்ந்தெடுங்கள்.