சொரியாசிஸுக்கு அடுத்த மருந்து கேட்கப் போகும்முன்

தோலில் செதில் செதிலாகப் படை கிளம்பும் சொரியாசிஸோடு பல வருஷமாக இருக்கும் எங்களில் யாரிடமும் "என்ன மருந்து போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், களிம்பின் பெயர் உடனே வரும். "ஒரு டியூப் எத்தனை நாள் வருகிறது?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறவர் பெரும்பாலும் அதே களிம்புச் சீட்டோடுதான் திரும்பி வருவார். மருத்துவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா, பூசியதே போதவில்லையா என்று தெரியாமல் மாத்திரைக்கோ ஊசிக்கோ போக அவர் தயங்கத்தான் செய்வார்.

அளவுக் கணக்கு எளிது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடாகக் களிம்பைப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை என்பது உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். அப்படியானால் 5 சதவீதம் பாதிப்பு உள்ளவருக்கு ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிராம், இரண்டு வேளை பூசினால் நாளுக்கு இரண்டரை கிராம் வேண்டும். 15 கிராம் டியூப் ஆறே நாளில் தீர வேண்டும். அது ஒரு மாதம் வந்தால் மருந்தைக் குறை சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவுக்கு உண்டு. குளோபெட்டாசோல் 0.05 சதவீதம் போன்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை இடைவெளியே இல்லாமல் மாதக்கணக்கில் பூசுவது. அதை இரண்டு வாரம், மருத்துவர் சொன்னால் நான்கு வாரம், வாரத்துக்கு 50 கிராமுக்கு மிகாமல் பூச வேண்டும். மீறினால் தோல் மெலிந்து காகிதம்போல் ஆகும், வரிவரியாகத் தழும்பு விழும், நிறுத்தியதும் முன்பைவிட வேகமாகத் திரும்பும். முகம், அக்குள், இடுப்பு மடிப்பு, பிறப்புறுப்புப் பகுதிகளில் இந்த வீரியம் கூடாது. அங்கே மென்மையான ஸ்டீராய்டோ, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்போ கேளுங்கள். அடங்கியபின் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு, மற்ற நாட்களில் வைட்டமின் டி வகைப் பூச்சான கால்சிபோட்ரியோல் என்று ஓட்டுவது பலருக்கும் பழகிய முறை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: செதிலை இளக்கும் சாலிசிலிக் அமிலம் பட்டால் கால்சிபோட்ரியோல் செயலிழந்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் நிறைய.

தலையில் வரும் படைக்குத் தனி வழி. அங்கே லோஷனை முடியின்மேல் ஊற்றிப் பயனில்லை. செதில் இருக்கும்வரை மருந்து தோலைத் தொடாது. இரவில் சீப்பின் நுனியால் முடியை வகிடுவகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் சாலிசிலிக் அமிலம் கலந்த எண்ணெயையோ களிம்பையோ விரலால் தடவி, துணியால் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் அலசும்போது செதில் ஊறித் தானாகக் கழலும். அதன்பிறகுதான் ஸ்டீராய்டு லோஷன், அதுவும் வகிடு பிரித்துத்தான். நகத்தால் பிய்த்து எடுத்தால் அந்தக் காயத்திலேயே புதுப்படை கிளம்பும். கோப்னர் விளைவு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

எப்போது நிறுத்துவது என்பதிலும் குழப்பம் உண்டு. மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் படை ஆறிய இடத்தில் கருமையோ வெளுப்போ பல மாதம் தங்கும். அது நோய் அல்ல, நோய் விட்டுப்போன சுவடு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். மேடு இல்லை, சொரசொரப்பு இல்லை என்றால் அந்த இடத்தில் ஸ்டீராய்டுக்கு வேலை முடிந்தது. நிறம் போகவில்லையே என்று தொடர்ந்து பூசித்தான் பலர் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் அடங்காவிட்டால், அடுத்த கட்டத்துக்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஒன்று, இது சொரியாசிஸ்தானா? பூஞ்சைப் படையின்மேல் ஸ்டீராய்டு பூசினால் அதன் வடிவமே மாறி ஆளை ஏமாற்றும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. தேவைப்பட்டால் தோல் பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. இரண்டு, வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்து இதைத் தூண்டுகிறதா? லித்தியம், பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரைகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை சந்தேகப் பட்டியலில் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள். மூன்று, யாராவது ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்தார்களா? ஒரே வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகும், நிறுத்தியதும் சீழ்க்கொப்புளமாகவோ உடம்பு முழுக்கச் சிவந்தோ திரும்பும். அப்படி உடல் முழுதும் சிவந்து குளிரும் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவமனை. லேபிள் இல்லாத பொடியும் களிம்பும் "பக்கவிளைவே கிடையாது" என்று கைக்கு வந்து அதிசயமாக வேலை செய்தால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இனி, மருத்துவரிடம் கொண்டுபோக ஒரு பக்கத் தாள். தடித்த பைல் வேண்டாம், யாரும் புரட்ட மாட்டார்கள். மருந்தின் பெயரும் சதவீதமும், எங்கே பூசியது, எந்த மாதத்திலிருந்து எதுவரை, எத்தனை டியூப், என்ன ஆயிற்று, ஏன் நின்றது. இவ்வளவும் ஒரே பக்கத்தில். "ஏன் நின்றது" என்ற கட்டம்தான் முக்கியம். பலன் இல்லாமல் நின்றதும், எரிச்சல் தாங்காமல் நின்றதும், சலித்துப்போய் நின்றதும் மருத்துவருக்கு வெவ்வேறு செய்தி. கூடவே போன் படங்கள்: அதே இடம், அதே வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல், தேதி. சந்திப்பு நாளன்று நோய் கொஞ்சம் அடங்கிக்கிடப்பது இதன் வழக்கம், அதனால் மோசமான நாளில் எடுத்த படம் கட்டாயம்.

தீவிரத்தை அளக்க இரண்டு எண்கள் உண்டு. மருத்துவர் போடும் பி.ஏ.எஸ்.ஐ. மதிப்பெண் 0 முதல் 72 வரை. சிவப்பை வைத்தும் மதிப்பிடுவதால் கருந்தோலில் இது குறைவாக விழும், ஏனென்றால் அங்கே படை ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். இன்னொன்று நீங்களே நிரப்பும் டி.எல்.க்யூ.ஐ. என்ற பத்துக் கேள்வித்தாள், 0 முதல் 30 வரை. 10-ஐத் தாண்டினால் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கிறது என்று பொருள். இதில்தான் பழைய நோயாளிகள் கோட்டை விடுகிறோம். "கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் உடுத்தும் உடையை இது பாதித்ததா?" என்ற கேள்விக்கு, பதினைந்து வருஷமாக முழுக்கைச் சட்டையே போடுபவர் "இல்லை" என்று டிக் அடிப்பார். பழகிவிட்டது, அவ்வளவுதான். நோய் இல்லாதிருந்தால் என்ன உடுத்தியிருப்பேன் என்று யோசித்து நிரப்புங்கள்.

பரப்பு குறைவு என்பதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. சர்வதேச சொரியாசிஸ் கவுன்சில் 2020-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, பாதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, உள்ளங்கை, பாதம், முகம், தலை, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் இருந்தாலோ, பூச்சு மருந்து தோற்றிருந்தாலோ, இந்த மூன்றில் ஒன்றே போதும், மாத்திரை, ஊசி போன்ற உள்மருந்துக்குத் தகுதி உண்டு. பாதம் வெடித்து நடக்க முடியாதவருக்கு "கொஞ்சம்தானே இருக்கிறது" என்பது பதில் ஆகாது.

மூட்டைப் பற்றித் தோல் மருத்துவரிடம் நாமே வாய்திறக்க வேண்டும். காலையில் எழுந்து அரை மணிக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுதும் வீங்கித் தடிப்பது, குதிகால் வலி, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள்: இவை சொரியாசிஸ் மூட்டழற்சியின் அடையாளங்களாக இருக்கலாம். மூட்டு தேய்ந்தபின் திரும்பாது என்பதால் மருந்துத் தேர்வே இதனால் மாறும்.

ஒளிச் சிகிச்சையில் இப்போது அதிகம் பயன்படுவது 311 நானோமீட்டர் நேரோபேண்ட் யுவிபி என்ற புற ஊதா ஒளி. வாரம் மூன்று தடவை, மொத்தம் 20 முதல் 30 அமர்வுகள். கெடுவது இரண்டு இடத்தில். நடுவில் ஒரு வாரம் விட்டால் ஒளியின் அளவைக் குறைத்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் உள்ளே போனால் தோல் வெந்துவிடும். அதேபோல் உள்ளாடை. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு உள்ளாடையே போட வேண்டும். முந்தைய அமர்வுகளில் மூடியிருந்த தோல் இன்று திறந்தால், உயர்ந்த அளவு ஒளியை அது முதல் முறையாகச் சந்திக்கிறது. கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். சாலிசிலிக் களிம்பு ஒளியைத் தடுக்கும், பிறகு பூசிக்கொள்ளுங்கள். அடர்ந்த முடிக்குள் இருக்கும் படைக்கு இது எட்டாது.

மாத்திரைகளில் பழையதும் பெரும்பாலும் முதலில் வருவதும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள், 7.5 முதல் 25 மி.கி. வரை. தினமும் விழுங்கியதால் உயிரே போயிருக்கிறது. கிழமையின் பெயரை அட்டையின்மேல் மையால் எழுதிவையுங்கள், மருந்து எடுத்துக்கொடுக்கும் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில், பல இடங்களில் 5 மி.கி. தொடங்கும்முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள். பிறகு முதலில் அடிக்கடி, நிலைபெற்றதும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குமட்டினால் இரவில் எடுக்கலாம், தோலுக்கடியில் ஊசியாகவும் உண்டு. வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் மருத்துவரை அழையுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை இதோடு சேர்க்கவே கூடாது, வேறு காய்ச்சலுக்குப் போனாலும் இதைச் சொல்லுங்கள். மது வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடும் ஆணும் பெண்ணும் முன்கூட்டியே பேச வேண்டும். சரியான அளவில் 12 முதல் 16 வாரம் பார்த்தபின்தான் தோற்றதா என்று சொல்ல முடியும். நான்காம் வாரத்தில் கைவிட்டது கணக்கில் வராது.

சைக்ளோஸ்போரின் வேகமானது, ஆனால் ரத்த அழுத்தமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஓட்டும் மருந்தல்ல. அசிட்ரெட்டின் உதட்டை வெடிக்கவைக்கும். நிறுத்தியபின் மூன்று வருஷம் கருத்தரிக்கக் கூடாது என்பதால் அந்த வயதுப் பெண்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. அப்ரெமிலாஸ்ட் 10 மி.கி.யில் தொடங்கிச் சில நாளில் 30 மி.கி. இரண்டு வேளைக்கு ஏறும், ஆரம்ப வாரங்களில் வயிறு கழியும்.

பயலாஜிக் ஊசிகள் நோயின் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும், அதாவது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., இன்டர்லூகின் போன்ற புரதங்களில் ஒன்றை மட்டும் பிடிப்பவை. டி.என்.எஃப். தடுப்பான் அடாலிமுமாப், இன்டர்லூகின் 17 தடுப்பான் செகுகினுமாப், இன்டர்லூகின் 23 தடுப்பான்கள் குசெல்குமாப், ரிசான்கிசுமாப். செகுகினுமாப் முதல் வாரங்களில் வாராவாரம், பிறகு மாதம் ஒன்று. ரிசான்கிசுமாப் தொடக்க டோஸ்களுக்குப்பின் 12 வாரத்துக்கு ஒன்று. எது என்பதை உங்கள் மற்ற நோய்கள்தான் தீர்மானிக்கும். குடல் அழற்சி நோய் இருந்தால் இன்டர்லூகின் 17 வகை ஒத்துவராது; இதயச் செயலிழப்போ, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோயோ இருந்தால் டி.என்.எஃப். வகை வேண்டாம். அதனால் வயிற்றுக்கோளாறு "தோலுக்குச் சம்பந்தமில்லை" என்று மறைக்காதீர்கள். தொடங்கும்முன் காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் உண்டு. அறிகுறி இல்லாமல் உள்ளே உறங்கும் காசநோய் தெரிந்தால் கதவு மூடவில்லை. அதற்கு மருந்து தொடங்கி, வழக்கமாக ஒரு மாதம் கழித்து ஊசி ஆரம்பிப்பார்கள். போட வேண்டிய தடுப்பூசிகளையும் முன்பே முடியுங்கள், உயிருள்ள கிருமித் தடுப்பூசி பிறகு போட முடியாது.

ஊசிப் பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்தால் கெட்டது. போடும் முன் அரை மணி வெளியே வைத்தால் வலி குறையும். குலுக்க வேண்டாம், படையின்மேல் குத்த வேண்டாம், ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றுங்கள். காய்ச்சலோ ஆன்டிபயாடிக் எடுக்கும் தொற்றோ இருந்தால் அன்றைய ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்தாலும், அறையைவிட்டு வெளியே வருமுன் ஒரு கேள்வி: "இது போதவில்லை என்று எந்தத் தேதியில், எதை வைத்து முடிவு செய்வோம்?" அமெரிக்காவின் நேஷனல் சொரியாசிஸ் ஃபவுண்டேஷன் வைத்திருக்கும் இலக்கு, தொடங்கிய மூன்றாம் மாதத்தில் பாதிப்பு உடல் பரப்பில் 1 சதவீதத்துக்குள் வருவது. அதாவது ஒரு உள்ளங்கை. தேதியையும் அந்த எண்ணையும் ஒரு பக்கத் தாளின் கடைசி வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.