தயிர் பால்மமா, ஜெல்லா?

சென்ற மாதம் ஓர் அறிவியல் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மூலத்தில் தனித்தனியாக நின்ற 'எமல்ஷன்', 'ஜெல்' என்னும் இரண்டு சொற்களும் தமிழில் 'கூழ்மம்' என்ற ஒரே சொல்லாகிவிட்டிருந்ததைக் கண்டேன். மொழிபெயர்த்தவரை முற்றிலும் குறை சொல்ல முடியாது; இரண்டுமே, ஒரு பொருள் மற்றொன்றினுள் நுண்ணளவில் பரவி நிற்கும் கூழ்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். ஆனாலும் பசுவையும் காளையையும் 'மாடு' என்று மட்டும் எழுதிவிட்டால், பால் கறந்ததைப் பற்றிய அடுத்த வரி பொருளிழந்து நிற்கும் அல்லவா? அந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் ஆகியிருந்தது.

எமல்ஷனுக்குப் பாடநூல்கள் தரும் 'பால்மம்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. மூலச் சொல்லும் 'பால் கறத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு நீர்மங்களில் ஒன்று நுண்துளிகளாகச் சிதறி மற்றொன்றினுள் பரவி நிற்பதே பால்மம். பாலில் கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கின்றன. வெண்ணெயில் நிலைமை தலைகீழாகி, ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பினுள் நீர்த்துளிகள் சிறைப்பட்டிருக்கின்றன. எண்ணெயையும் நீரையும் குப்பியில் இட்டுக் குலுக்கினால் கண நேரம் பால்மம் உண்டாகி, வைத்த கையோடு பிரிந்துவிடும். பிரியாமல் காக்க, ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும் மூலக்கூறு ஒன்று தேவை; முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் அத்தகையது. அப்போதும்கூட அது தள்ளிப்போடப்பட்ட பிரிவுதானே தவிர, தடுக்கப்பட்ட பிரிவு அன்று. துளி மேலெழும் வேகம் அதன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், துளியை நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிதாக்கினால் வேகம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பாலை நுண்துளைகளின் வழியே அழுத்திச் செலுத்தி ஏடு படியாமல் செய்யும் பொறிக்கு 1899இல் பிரெஞ்சுக்காரரான ஓகுஸ்த் கோலின் காப்புரிமை பெற்றதன் அடிப்படை இதுவே.

ஜெல்லின் கதை வேறு. சிறிதளவு திண்மப்பொருள் நீண்ட இழைகளாகவோ கோத்த துகள்களாகவோ நீர்மம் முழுவதிலும் வலைபோல் படர்ந்து, அந்த நீர்மத்தை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவது ஜெல். தமிழில் இதற்குக் 'களி' என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஜெல் என்றே எழுதுகிறேன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் நூற்றுக்கு ஒரு பங்கு போதும், மீதி 99 பங்கு நீரும் வெட்டினால் துண்டாகும் பொருளாகிவிடுகிறது. பெரும்பங்கு நீராக இருந்தும் தன் உருவத்தைத் தானே தாங்கி நிற்பதுதான் இதன் விந்தை. ஜெல்லை வரையறுப்பதைவிட இனங்கண்டுகொள்வது எளிது என்று வேதியியலாளர் டோரத்தி ஜோர்டான் லாயிட் 1926இல் எழுதியது, இன்றும் இத்துறையினர் சிரித்தபடியே எடுத்துக்காட்டும் கருத்து.

வலை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே ஜெல்லின் குணம் அமைகிறது. ஜெலட்டின் வலை உடல் வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும்; வாயில் இட்டதும் கரைவது அதனால்தான். அதே காரணத்தால் கிருமிகளை 37 பாகையில் வளர்க்க அது உதவாமற்போனது. மேலும் சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிட்டன. 1881இல் ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு, ஜெலட்டினை விட்டுவிட்டு அகரைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. சமையலறையில் அதை அறிந்திருந்தவர். அகர் உருகுவதற்கு 85 பாகை அளவுக்குச் சூடு வேண்டும், ஆனால் உருகியபின் 40 பாகைக்குக் கீழே ஆறினால்தான் மீண்டும் உறையும். இந்த இடைவெளி இல்லாமல் நுண்ணுயிரியல் எப்படி வளர்ந்திருக்கும் என்று சில நேரம் எண்ணிப்பார்ப்பதுண்டு.

தலைக்குப் பூசும் ஜெல்லில் சிறிது உப்பைத் தூவிப் பாருங்கள். கார்போமர் என்னும் பலபடியால் (நீண்ட சங்கிலி மூலக்கூறால்) ஆன வகையாக இருந்தால், இழைகளை விரித்து வைத்திருந்த மின்விலக்கத்தை உப்பு குலைத்துவிட, நின்ற ஜெல் சற்று நேரத்தில் நீராக இளகி ஓடும். நான் இதைச் செய்து பார்த்துவிட்டு அரைக் குப்பி ஜெல்லை வீணாக்கிய குற்றத்துக்கு ஆளானேன்.

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எது எதனுள் சிதறிக் கிடக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை பால்மம். எது எதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை ஜெல். கேள்விகள் வெவ்வேறு என்பதால், ஒரே பொருளுக்கு இரண்டு பெயரும் பொருந்தக்கூடும். பால் தயிராகும்போது அமிலம் பெருகி, தனித்தனியாக இருந்த கேசீன் என்னும் பால் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. கொழுப்புத் துளிகள் எங்கும் போய்விடவில்லை, அந்த வலையினுள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே தயிர் ஜெல், அதன் வயிற்றுக்குள் ஒரு பால்மம். கரண்டியால் எடுத்த பள்ளத்தில் தெளிநீர் ஊறினால், வலை சுருங்கி நீரை வெளியேற்றுகிறது என்று பொருள். பாலின் மேல் ஏடு மிதப்பது துளிகள் மேலெழுவதால். இரண்டையும் 'பிரிந்துவிட்டது' என்றே சொல்கிறோம், பிரிவதோ இரு வேறு வழிகளில்.

மருந்துக் குழாய்களின் மேல் காணும் 'எமல்ஜெல்' என்ற சொல்லும் இந்தக் கலவையைத்தான் குறிக்கிறது: எண்ணெய்த் துளிகளைச் சுமந்த நீரை ஜெல்லாக்கியது. தோலில் பூசும் கிரீம் பெரும்பாலும் பால்மம். துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரியும், எண்ணெய்ப்பசையை விட்டுச்செல்லும். எண்ணெயற்ற ஜெல்லோ கண்ணாடிபோல் தெளிந்து, நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி தந்து, பிசுக்கின்றி உலர்கிறது.

பெயர்களை முழுவதும் நம்பவும் முடியாது. சுவருக்குப் பூசும் 'எமல்ஷன்' வண்ணத்தில் நீரில் மிதப்பவை பெரும்பாலும் திண்மப் பலபடித் துகள்கள். அது தயாரிப்பு முறையிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஈரம் உறிஞ்சுவதற்காகப் பொட்டலத்தில் வரும் சிலிக்கா ஜெல்லில், ஜெல்லுக்குரிய நீர்மம் வெளியேறி உலர்ந்த எலும்புக்கூடு மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒளிப்படச் சுருளின் 'எமல்ஷன்' இன்னும் வேடிக்கை: ஜெலட்டினில் பதிந்த வெள்ளி உப்புப் படிகங்களே அதில் உள்ளன, ஆகவே துளி என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் சரிபார்த்த கட்டுரையிலும் ஓரிடத்தில் அது வந்தது. மற்ற இடங்களையெல்லாம் பால்மம், ஜெல் என்று பிரித்துத் திருத்திய நான், அங்கு மட்டும் 'ஒளியுணர் பூச்சு' என்று எழுதிவிட்டு, ஓரத்தில் காரணத்தையும் குறித்து அனுப்பினேன்.