சாப்பிட்டதும் நடக்கச் சொல்கிறார்கள், எந்தக் காற்றில் நடப்பது?

கர்ப்பகாலச் சர்க்கரைக்கான சோதனையைத் தமிழ்நாடு அரசு 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கியது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவது பெரிய வேலையில்லை. முடிவு தெரிந்த பிறகுதான் தடுமாற்றம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்வார். வாசலில் இறங்கினால் லாரிப் புகை, தெருமுனையில் குப்பைப் புகை. இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கும் வழி இது.

முதலில் சோதனை. கர்ப்பம் உறுதியாகி முதல் தடவை போகும்போதே ஒன்று. அதில் சர்க்கரை இல்லை என்று வந்தால், 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடியும் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். அதை 5-லிருந்து 10 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை.

இதில் கோளாறு நடக்கிற இடங்கள் சில உண்டு. குமட்டுகிறது என்று கால் டம்ளரை மீதம் வைத்தால் கணக்கே தப்பு. அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது, மறுநாள் திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் பரவாயில்லை, தொடரலாம். காத்திருக்கும் நேரத்தில் கடைக்குப் போய் வருவதோ பிஸ்கட் சாப்பிடுவதோ கூடாது. எல்லாவற்றையும் விட அதிகம் தவறவிடுவது விரலைத்தான். குளுக்கோஸ் கலக்கிய கரண்டியைப் பிடித்த பிசுக்குக் கையோடு விரலை நீட்டினால், மீட்டர் காட்டுவது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை மட்டும் இல்லை. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். ஸ்பிரிட் தடவியிருந்தால் அது காயும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்களால் இன்சுலின் வேலை செய்யும் வேகம் இயல்பாகவே மட்டுப்படும். கணையம் கூடுதலாகச் சுரந்து அதை ஈடுகட்டும். பிஎம் 2.5 எனும் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய் அழற்சியைக் கிளப்பி, இந்தச் சுமையின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் சுமார் 4 லட்சம் கர்ப்பங்களை அலசிய ஓர் ஆய்வு, நுண்துகள் கூடிய இடங்களில் கர்ப்பகாலச் சர்க்கரையும் கூடியிருந்ததைக் காட்டியது. துகளின் கூறுகளில் கரும்புகைக் கரிக்குப் பங்கு அதிகம். அதற்காக, புகையால்தான் உங்களுக்குச் சர்க்கரை வந்தது என்று யாராலும் எழுதித்தர முடியாது. வயது, உடல் எடை, குடும்பத்தில் சர்க்கரை இருப்பது ஆகியவைதான் இன்னும் பெரிய காரணங்கள். டயட்டை விட்டுவிட்டு ஏர் பியூரிஃபையர் வாங்க ஓடுவது வீண்.

நடைக்கு வருவோம். காலை 5 மணிக் காற்று சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. மார்கழி, தை மாதங்களில் சென்னையில் அது பல நாள் பொய். குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்கி, ராத்திரிப் புகையை மேலே போகவிடாது. போகி அன்று கேட்கவே வேண்டாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கியபின் நிலைமை தேவலை, ஆனால் அப்போது வெயில் கொளுத்தும். எனவே ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்பதை விட்டுவிட்டு, மூன்று வேளையும் சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் மொட்டை மாடியிலோ கூடத்திலோ நடப்பதுதான் எங்கள் யோசனை. சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரையை இறக்க இந்தத் துண்டு நடையே நல்லது. தெருவில்தான் நடக்க வேண்டும் என்றால் பேருந்து போகாத உள் தெருவாகப் பாருங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என்று நிலையம் வாரியாகக் காற்றுத்தரக் குறியீட்டு எண் வரும். அதில் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம். குறியீடு 51-லிருந்து 100 வரை 'திருப்தி' என்றே காட்டும். 100 என்றால் பிஎம் 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்வது 15.

வெளிக்காற்று நம் கையில் இல்லை, வீட்டுக்காற்று பெருமளவு இருக்கிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு நுண்துகளை விடும் என்று அளந்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தலைமாட்டில் ஏற்றுவது அதைத்தான். கொசுவலைக்கு மாறுங்கள். தலைக்குக் குளித்ததும் போடும் சாம்பிராணியைப் பற்றி மாமியாரிடம் பேசுவது கஷ்டம்தான், இருந்தாலும் பேசுங்கள். விறகடுப்பு இருந்தால் கேஸுக்கு மாறுவது பெரிய மாற்றம். நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் சேர்த்து நான்கு நாடுகளில், கேஸ் அடுப்புக்கு மாறினால் என்ன ஆகும் என்று பார்த்த ஹேப்பின் ஆய்வில், கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு பழைய அடுப்பில் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் அடுப்பில் சுமார் 24. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் அதனால் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கேஸ் அடுப்பிலும் எண்ணெய் புகையும்வரை காயவிட்டுத் தாளித்தால் பலன் பாதி போச்சு. எக்ஸாஸ்ட் விசிறியைத் தாளிக்கும் முன்பே போடுங்கள், அடுப்பை அணைத்தபின்னும் 10 நிமிடம் ஓடட்டும்.

டயட், நடை என்று 2 வாரம் போனதும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 120-க்குக் கீழ் இருந்தால் அப்படியே தொடரலாம். 120-ஐத் தொட்டால் மாத்திரை அல்லது இன்சுலின். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை, கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடியின் ஹார்மோன் கூடும், டயட் மட்டும் போதாமல் போகும். டயட்டில் ஒரு விஷயம்: கேழ்வரகு நல்லது என்று கூழாகவும் கஞ்சியாகவும் குடிப்பவர்களுக்குத்தான் எண் எகிறுகிறது. அதே கேழ்வரகை அடையாக, கீரை போட்டு, கூடவே சுண்டலோ முட்டையோ வைத்துச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும்.

பிரசவத்துக்குப் பின் 6-வது வாரத்தில் இன்னொரு 75 கிராம் சோதனை உண்டு. பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். குழந்தைக்கு 6-வது வாரத் தடுப்பூசி போடப் போகிற அன்றே இதையும் முடித்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இந்தத் தடவை மட்டும் வெறும் வயிற்றில் போக வேண்டும்.