எட்டுக்கு இரண்டு விரல்

அறை வாடகை கேட்டதற்குக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார் அந்த வீட்டு அம்மா.

இரண்டு என்று எண்ணி 20 யுவானை நீட்டினேன். சிரித்துக்கொண்டே போனில் 80 என்று தட்டிக் காட்டினார். சீனாவில் அந்தச் சைகைக்கு எட்டு என்று பொருள். கட்டை விரலும் சுண்டு விரலும் என்றால் ஆறு. ஒரே கையில் பத்து வரை எண்ணிவிடுகிறார்கள்!

ஷான்ஷி மாகாணத்தில் பிங்யாவ். மதில் சூழ்ந்த பழைய ஊர், 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முற்றம் வைத்த பழைய வீடுகள் பல இங்கே விடுதிகளாகிவிட்டன.

எனக்குச் சீனம் தெரியாது. தங்குமிடத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளைப் போனில் படமாக வைத்துக்கொண்டு, வாசல் பலகைகளோடு ஒப்பிட்டபடி சந்து சந்தாக நடந்தேன்.

முதல் இரண்டு வீடுகளில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையசைத்துவிட்டார்கள். கோபம் வரவில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். சின்ன வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய வேலை.

இந்த அம்மா மகனைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் பொறுமையாக என் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினான் அந்தப் பையன்.

அறையில் கட்டில் இல்லை. காங் என்கிற செங்கல் மேடை, அதன்மேல் மெத்தை. குளிர்காலத்தில் அடியில் நெருப்பு மூட்டுவார்களாம்.

மொழி தெரியாத ஊரில் பெரிய ஓட்டல்தான் பத்திரம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். சைகைக்குக் காத்திருக்கும் பொறுமை, குடும்பம் வசிக்கும் வீட்டில்தான் கிடைக்கிறது.

ராத்திரி கதவு தட்டும் சத்தம். பிளாஸ்க்கில் வெந்நீர், அப்புறம் ஒரு கிண்ணம் நூடுல்ஸ்.

எவ்வளவு என்று கேட்கப் போனை நீட்டினேன். அதை என் கைக்குள்ளேயே மூடி வைத்துவிட்டுப் போனார்.