ஃபிளின்ட் தண்ணீர்: ஒரு குடிநீர்ப் பிரிவு ஊழியரின் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

கொஞ்ச நாளாக ராத்திரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரக் குடிநீர் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியதில் வீட்டுக் குழாய்களில் ஈயம் கலந்து வந்த விவகாரம். நானும் குடிநீர்ப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன் என்பதால், கவர்னர் என்ன சொன்னார், கோர்ட் என்ன சொன்னது என்பதை விட அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தவர்களைப் பற்றித்தான் மனம் போகிறது. மைக் கிளாஸ்கோ என்பவர் அங்கே தண்ணீரின் தரத்துக்குப் பொறுப்பாக இருந்த மேற்பார்வையாளர். 2014 ஏப்ரல் 17 அன்று மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு மெயில் அனுப்புகிறார். ஆட்களுக்கு இன்னும் பயிற்சி கொடுக்கணும், அடுத்த சில வாரங்களில் இங்கிருந்து தண்ணீர் விட்டால் அது என் சொல்லை மீறி நடப்பதாகத்தான் இருக்கும், மேலே இருப்பவர்களுக்கு வேறு கணக்கு இருப்பது போலத் தெரிகிறது என்பதுதான் அதன் சாரம். எட்டே நாளில், ஏப்ரல் 25 அன்று, ஆற்றுத் தண்ணீருக்கு மாற மேயர் பொத்தானை அழுத்த, கிளாஸில் தண்ணீர் பிடித்துக் குடித்துக் கொண்டாடினார்கள்.

மார்ச் 5, புதன்

மேயர் பொத்தானை அழுத்தினாரே தவிர அதிகாரம் அவர் கையில் இல்லை. நகரம் கடனில் தள்ளாடியதால் மாநில அரசு நியமித்த ‘அவசரகால மேலாளர்’ ஒருவரிடம் எல்லாம் இருந்தது, ஓட்டுப் போட்டு வந்த கவுன்சில் பேருக்குத்தான். டெட்ராய்டு நகரத்திடமிருந்து ஹூரன் ஏரித் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டு, புதுக் குழாய்த் திட்டம் முடியும் வரை ஃபிளின்ட் ஆற்றையே சுத்திகரித்து விட்டால் பணம் மிச்சம் என்று போட்ட கணக்கு அது. ஆற்று நீரில் குளோரைடு அதிகம், குழாயை அரிக்கும். அதைத் தடுக்க பாஸ்பேட் சேர்க்கணும். டெட்ராய்டு சேர்த்துக்கொண்டிருந்தது, இங்கே சேர்க்கவில்லை. இப்போதைக்கு வேண்டாம், ஆறு ஆறு மாதமாக இரண்டு முறை பரிசோதித்துப் பார்க்கலாம் என்றது மாநிலத் துறை. பழைய ஈயக் குழாய்க்குள் படிந்திருக்கும் காப்புப் படலம் போனால் ஈயம் நேராகத் தண்ணீரில் கலக்கும். இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம்தானே இது!

மார்ச் 8, சனி

இன்று காலை கடைசித் தெருக் குழாயில் குளோரின் பார்த்தேன். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசல் சொட்டு விட்டால் மஞ்சள் ஏறணும், அதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்கணும். மஞ்சள் லேசாகத்தான் ஏறியது. பக்கத்து வீட்டு அம்மா குடத்தோடு நின்றுகொண்டு, “தண்ணி குடிக்கலாமா தம்பி?” என்று கேட்டார். கொஞ்சம் கம்மியா இருக்கும்மா, காய்ச்சிக் குடிங்க, நான் மேலே சொல்றேன் என்றேன். ஊரில் எந்த அதிகாரியிடமும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, எங்களைத்தான் கேட்பார்கள்.

ஃபிளின்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும், பழுப்புத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள் ஜனங்கள். 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி, எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைத்தான் அதற்கு அப்புறமும் ஒரு வருஷம் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

மார்ச் 11, செவ்வாய்

2015 ஜனவரியில் ஃபிளின்டில் இருந்த மாநில அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்குத் தனியாகக் குடிநீர் கூலர் வைத்தார்கள். அதே சமயம் மக்களிடம் தண்ணீர் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு வீட்டுக் குழாயில் ஈயம் நூறு கோடியில் 104 பங்கு வந்தது, நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 15. உங்க வீட்டுக் குழாய்தான் காரணம் என்றார்கள், அந்த வீட்டுக்குள் இருந்ததோ பிளாஸ்டிக் குழாய். மார்ச்சில் கவுன்சில் 7க்கு 1 என்று டெட்ராய்டு தண்ணீருக்குத் திரும்பச் சொல்லி ஓட்டுப் போட்டது, மேலாளர் முடியாது என்றார். ஜூலையில் மேயர் டிவியில் அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை செப்டம்பரில் வெளியிட்ட பிறகுதான் ஆட்டம் கண்டது, அக்டோபர் 16 அன்று மறுபடி டெட்ராய்டு தண்ணீருக்கு மாற்றினார்கள். அதற்குள் தண்ணீரில் வளரும் கிருமியால் வரும் நிமோனியாவான லீஜனேர் நோயில் குறைந்தது 12 பேர் செத்துப்போயிருந்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

கிளாஸ்கோ விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஈயப் பரிசோதனை அறிக்கையில் அதிகமாக வந்த இரண்டு சாம்பிளை எடுத்துவிட்டார்கள், கணக்கு 15க்குக் கீழே வந்துவிட்டது. மாநில அதிகாரிகள் சொல்லித்தான் மாற்றினேன் என்று கோர்ட்டில் சொன்னார் அவர். 2016 ஏப்ரலில் முதன்முதலாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரில் அவரும் ஒருவர். எழுத்திலேயே தடுக்கப் பார்த்த அதே ஆள்! கடமை தவறியதாகச் சிறு குற்றத்தை எதிர்க்காமல் ஏற்று, விசாரணைக்கு ஒத்துழைத்தார். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் மாற்றச் சொன்னவர்களின் பேச்சுக்கு ஆதாரம் இருக்காது, மாற்றிய கைக்குத்தான் கையெழுத்து இருக்கும்.

மேலாளர்கள் மேலும் கவர்னர் மேலும் 2021இல் போட்ட வழக்குகளோ, ஒற்றை நீதிபதி குற்றப்பத்திரிகை கொடுத்த முறை செல்லாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதும் சரிந்து, 2023இல் முடிந்தே போயின. மக்களுக்கு 62.6 கோடி டாலர் இழப்பீடு ஒப்பந்தமானது, அதில் பெரும்பகுதி மாநில அரசின் பணம், அதாவது வரி கட்டியவர்கள் பணம்.